நகரங்களும் பெயர்களும் – 9: சிகாகோ, பூண்டுக்காடு முதல் நான்கு நட்சத்திரங்கள் வரை

மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் இருக்கும் சிகாகோ, தன் பெயரை ஒரு காட்டுப் பூண்டிடமிருந்து பெற்றது. இந்தப் பகுதியில் வழங்கிய மயாமி-இல்லினாய் மொழியில், மரநிழலில் தானாக முளைத்துக் கிடக்கும் ஒருவகைப் பூண்டுக்கு 'ஷிகாக்வா' என்று பெயர். துர்நாற்றத்தைப் பீய்ச்சியடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஸ்கங்க் என்ற சிறு விலங்கையும் அம்மொழி அதே சொல்லால்தான் குறித்தது. மணம் இரண்டுக்கும் பொது. பூண்டு விளைந்த ஆற்றங்கரைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆற்றின் பெயர் அதன் முகத்துவாரத்தில் எழுந்த குடியிருப்புக்கும், பின்னர் நகரத்துக்கும் வந்து சேர்ந்தது.

பெயரைத் தந்த மக்கள் அந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டார்கள். பிற்காலத்துப் பட்டப்பெயர்களில் பலவற்றைப் பிற ஊர்க்காரர்கள் சூட்டினார்கள், சிலவற்றைக் கேலியாகவே. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளச் சிகாகோவுக்குக் கிடைத்த முக்கியமான வாய்ப்பு அதன் கொடி. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நகரமே தீர்மானித்தது.

பூண்டா, வெங்காயமா?

1673-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ழாக் மார்க்கெத்தும் லூயி ஜொலியேவும் மிசிசிப்பி ஆற்றுப் பயணத்திலிருந்து திரும்பும்போது இவ்வழியாக மிச்சிகன் ஏரியை அடைந்தனர். அந்தக் குறுக்குவழியைக் காட்டியவர்கள் உள்ளூர் மக்கள். 1679 வாக்கில் லா சால் என்ற பிரெஞ்சுப் பயணி தன் குறிப்பொன்றில் இந்த இடத்தை 'செக்காகூ' என்று எழுதினார். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. அதன்பின் வந்த வரைபடங்களிலும் கடிதங்களிலும் அவரவர் காதில் விழுந்தபடி செக்காகூ, சிக்காகூ, சிக்காகுவா என்று பல வடிவங்கள் தோன்றின.

பெயரின் காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர் ஆன்ரி ஜூத்தெல். லா சாலின் கடைசிப் பயணத்தில் உடன் சென்று உயிர் தப்பிய இவர், 1687-இலும் 1688-இலும் இந்த இடத்தைக் கடந்தார். இங்குள்ள காடுகளில் பூண்டு மிகுதியாக வளர்வதால் இவ்விடத்துக்கு இப்பெயர் வந்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். பிரான்சில் தான் அறிந்த பூண்டைவிட இதன் இலை அகலமானது என்றும் குறித்தார்.

பிற்கால நூல்கள் இந்தச் செடியைக் 'காட்டு வெங்காயம்' ஆக்கிவிட்டன. ஆனால் இப்பகுதியின் காட்டு வெங்காயம் திறந்த புல்வெளியில் வளர்வது. அதன் இலை ஒடுங்கியது. மரங்கள் அடர்ந்த காட்டில் அகன்ற இலையோடு வளர்வது அங்கே 'ராம்ப்ஸ்' என்று வழங்கும் காட்டுப் பூண்டு. ஜூத்தெலின் குறிப்பை நிலத்தோடும் தாவரங்களோடும் ஒப்பிட்டு, பெயருக்கு உரிய செடி இந்தப் பூண்டே என்று ஜான் ஸ்வென்சன் 1991-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார். இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்கின்றனர்.

வேறு விளக்கங்களும் உலவின. சிக்காகூ என்ற இல்லினாய்த் தலைவரின் பெயரே ஊருக்கு வந்தது என்பது ஒன்று. அந்தத் தலைவர் உண்மையில் வாழ்ந்தவர். 1725-இல் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். ஆனால் ஊரின் பெயர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏறிவிட்டது. 'வலிமை', 'பெருமை' என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. வளர்ந்து வந்த வணிக நகரத்துக்குப் பூண்டு நாற்றத்தைவிட அந்தப் பொருள் இனித்திருக்கலாம்; ஆதாரம் மட்டும் இல்லை.

சேற்றுப்பாதையில் பிறந்த ஊர்

ஒரு சிற்றாற்றின் கரைப்பெயர் பெருநகரத்தின் பெயராக உயர்ந்ததற்கு நில அமைப்பே காரணம். சிகாகோ ஆறு மிச்சிகன் ஏரியில் கலந்தது. அதற்கு மேற்கே சில மைல் தொலைவில் ஓடும் டெஸ் பிளெயின்ஸ் ஆற்றின் நீர் இல்லினாய் ஆறு வழியாக மிசிசிப்பியை அடைந்து தெற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே இருந்தது தாழ்ந்த சதுப்பு நிலம். மழைக்காலத்தில் ஓடத்தை அதன் மேலேயே செலுத்திவிடலாம். கோடையில் சேற்றில் இழுத்தும் தோளில் சுமந்தும் கடக்க வேண்டும். வடகிழக்குப் பெருங்கடலையும் தென்திசை வளைகுடாவையும் இணைக்கும் நீர்வழியில் இந்தச் சேற்றுத்துண்டு ஒன்றுதான் தடை. ஒரு கால்வாய் வெட்டினால் போதும் என்று ஜொலியே அப்போதே சொன்னார். அந்தக் கால்வாய் 1848-இல்தான் திறக்கப்பட்டது.

1780-களில் ஆற்றின் முகத்துவாரத்தில் நிலையாகக் குடியேறியவர் ழான் பாப்டீஸ்ட் புவான் து சாபிள். ஆப்பிரிக்க வழிவந்த வணிகரான அவர், பொட்டவாட்டமி இனத்தைச் சேர்ந்த கிட்டிஹாவாவை மணந்து, வீடு, தொழுவம், மாவரைக்கும் ஆலை, ரொட்டி சுடும் கூடம் என்று ஒரு பண்ணையையே உருவாக்கினார். 1800-இல் அதை விற்றுவிட்டுக் கிளம்பினார்.

1795-இல் கிரீன்வில் உடன்படிக்கையின் வழியே, முகத்துவாரத்தில் ஆறு மைல் சதுர நிலத்தைப் பழங்குடிகள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். 1803-இல் அங்கே ஒரு கோட்டை எழுந்தது. போர்த்துறைச் செயலர் ஹென்றி டியர்பார்னின் பெயரால் அது டியர்பார்ன் கோட்டை எனப்பட்டது. பிரிட்டனோடு போர் மூண்டபோது, 1812 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையைக் காலி செய்து வெளியேறிய படையினரையும் குடும்பங்களையும் பொட்டவாட்டமி வீரர்கள் தாக்கினர், கோட்டை எரிக்கப்பட்டது. 1816-இல் அது மீண்டும் கட்டப்பட்டது. கோட்டைக்குச் செயலரின் பெயர் இருந்தபோதும் ஊரை யாரும் டியர்பார்ன் என்று அழைக்கவில்லை. ஆற்றின் பழைய பெயரே நிலைத்தது.

கால்வாய்க்குப் பணம் திரட்ட மனைகளை விற்கும் நோக்கத்தோடு, ஜேம்ஸ் தாம்சன் என்ற நில அளவையாளர் 1830 ஆகஸ்டில் ஊரின் முதல் மனைப்படத்தை வரைந்தார். அதில் 'சிகாகோ' என்ற பெயர் உறுதியாயிற்று. 1833-இல் சில நூறு பேர் வாழ்ந்த அந்த இடம் சிற்றூராகப் பதிவு பெற்றது. அதே ஆண்டு செய்துகொண்ட சிகாகோ உடன்படிக்கையால் பொட்டவாட்டமி மக்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே எஞ்சியிருந்த நிலத்தையும் இழந்து மிசிசிப்பிக்கு அப்பால் செல்ல நேர்ந்தது. 1837 மார்ச் 4 அன்று சிகாகோ முறைப்படி நகரமானது. அப்போது மக்கள்தொகை 4,170. 1870-இல் அது 2,98,977, 1890-இல் 10,99,850.

பட்டப்பெயர்கள்

நகரம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட முதல் அடைமொழி 'தோட்ட நகரம்'. 1837-இல் உருவான நகர முத்திரையில் 'தோட்டத்தினுள் நகரம்' என்று பொருள்படும் 'ஊர்ப்ஸ் இன் ஹோர்ட்டோ' என்ற லத்தீன் வாசகம் இடம்பெற்றது. கேடயம், கப்பல், கோதுமைக் கதிர்க்கட்டு, பழங்குடி மனிதர், சிப்பியில் உறங்கும் குழந்தை ஆகிய உருவங்களோடு அந்த வாசகம் இன்றும் முத்திரையில் உள்ளது. அதைப் பொறித்த காலத்தில் தெருக்கள் சேறும் சகதியுமாக இருந்தன. கழிவுநீர்க் குழாய்களுக்கு இடம் தேடி, 1850-களிலும் 1860-களிலும் தெருக்களின் மட்டம் உயர்த்தப்பட்டது. செங்கல் கட்டடங்களையும் திருகு ஜாக்கிகளால் அப்படியே தூக்கி நிறுத்தினார்கள்.

உலகம் அறிந்த பட்டப்பெயர் 'காற்று நகரம்'. ஏரிக்காற்று அங்கே பலமாக வீசுவது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கும் அச்சொல்லுக்கு வாய்ப்பந்தல் போடுகிறவர் என்ற பொருளும் உண்டு. போட்டி நகரங்களின் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தின. 1893 உலகக் கண்காட்சியை நடத்தும் உரிமைக்கு நியூயார்க்கும் சிகாகோவும் மோதியபோது, 'நியூயார்க் சன்' ஆசிரியர் சார்ல்ஸ் டேனா இதைப் புனைந்தார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கட்டுரை இதுவரை கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 1876 மே மாதத்தில், சின்சினாட்டி நகரத்து நாளிதழ் ஒன்று சிகாகோவை இப்பெயரால் கேலி செய்திருக்கிறது. பன்றி இறைச்சி வணிகத்தில் முதலிடம் வகித்துப் 'பன்றி நகரம்' என்று பெயரெடுத்த சின்சினாட்டியைச் சிகாகோ பின்தள்ளிய காலம் அது.

'இரண்டாம் நகரம்' என்பதற்கு அடிப்படை 1890 மக்கள்தொகைக் கணக்கு. அதில் சிகாகோ பிலடெல்பியாவை முந்தி நியூயார்க்குக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. எண்ணிக்கையைக் குறித்த அந்தத் தொடருக்கு 1952-இல் ஏளனத் தொனி சேர்ந்தது. 'நியூயார்க்கர்' இதழில் ஏ. ஜே. லீப்ளிங் அதே பெயரில் எழுதிய கட்டுரைகள் சிகாகோ மக்களைச் சீண்டின. 1959-இல் தொடங்கிய ஒரு நகைச்சுவை நாடகக் குழு அந்தப் பெயரையே விரும்பிச் சூட்டிக்கொண்டு புகழ்பெற்றது. 1990 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் முந்திச் சென்று, சிகாகோ மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பிறகும் பட்டப்பெயர் மாறவில்லை. 1914-இல் கார்ல் சாண்ட்பர்க் எழுதிய 'சிகாகோ' என்ற கவிதை, நகரத்தைக் கட்டுமஸ்தான உழைப்பாளியாகக் காட்டி மற்றோர் அடைமொழிக்கு வழிவகுத்தது.

கொடிக்கு முன் ஒரு குறி

1892-இல், உலகக் கண்காட்சிக்குத் தயாராகிக் கொண்டிருந்த வேளையில், நகரத்துக்கென வண்ணமும் குறியும் தேடி ஒரு நாளிதழ் போட்டி நடத்தியது. டென்மார்க்கில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் ராவாட் 100 டாலர் பரிசை வென்றார். அவர் வரைந்தது 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தின் வடிவம். நகர மையத்தில் சிகாகோ ஆற்றின் வடகிளையும் தென்கிளையும் கூடி ஏரியை நோக்கி ஓடும் அமைப்பை அது காட்டுகிறது. நகரத்தை வடக்கு, மேற்கு, தெற்கு என மூன்றாகப் பிரிப்பதும் அந்த ஆற்றுக்கிளைகளே. பாலங்கள், பழைய பொதுக் கட்டடங்கள், சிகாகோ தியேட்டரின் முகப்பு ஆகியவற்றில் இந்தக் குறியை இன்றும் காணலாம். கொடி மட்டும் இன்னும் இல்லாமலே இருந்தது.

வாலஸ் ரைஸின் வடிவமைப்பு

1915-இல் மேயர் வில்லியம் ஹேல் தாம்சன் கொடிக்கென ஒரு குழுவை அமைத்தார். எழுத்தாளரும் கொடிகளின் வரலாற்றைப் பற்றி உரையாற்றி வந்தவருமான வாலஸ் ரைஸ் போட்டிக்கான விதிகளை வகுத்துக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. முடிவில் தேர்வானது ரைஸ் வரைந்த வடிவமே. 1917 ஏப்ரல் 4 அன்று நகரமன்றம் அதை ஏற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து. தேசியக் கொடி எங்கும் பறந்த அந்த நாட்களில் நகரக் கொடி பெரிதாகக் கவனம் பெறவில்லை.

வெள்ளைப் பரப்பின் குறுக்கே இரண்டு வெளிர்நீலப் பட்டைகள். நடுவே ஆறு முனை கொண்ட சிவப்பு நட்சத்திரங்கள். இவ்வளவுதான் கொடி. எழுத்தோ முத்திரையோ அதில் இல்லை. அதிகாரப்பூர்வ விளக்கத்தின்படி மூன்று வெள்ளைப் பட்டைகள் நகரின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளைக் குறிக்கின்றன. மேலுள்ள நீலப்பட்டை மிச்சிகன் ஏரியும் ஆற்றின் வடகிளையும். கீழுள்ளது தென்கிளையும் பெருங்கால்வாயும். ஏரிக்குள் பாய்ந்த ஆற்றை எதிர்த்திசையில் திருப்பி, நகரக் கழிவு குடிநீரில் கலக்காமல் தடுத்த அந்தக் கால்வாய் 1900-இல் திறக்கப்பட்டது. ராவாட்டின் குறி எழுத்து வடிவில் காட்டிய அதே நில அமைப்பை ரைஸ் பட்டைகளாக விரித்தார்.

நட்சத்திரங்களுக்கு ஆறு முனை வைத்ததற்கும் ரைஸ் காரணம் சொன்னார். அமெரிக்கக் கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் இறைமையுள்ள மாநிலத்தைக் குறிக்கிறது. நகரம் மாநிலம் ஆகாது. முனைகளையும் வழக்கத்தைவிடக் கூர்மையாக, 30 பாகைக் கோணத்தில் அமைத்தார்.

நான்கு நட்சத்திரங்கள்

1917-இல் கொடியில் இருந்தவை இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று 1871-இன் பெருந்தீ. அக்டோபர் 8 இரவு ஒரு தொழுவத்தருகே பற்றிய நெருப்பு 10-ஆம் தேதி வரை எரிந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அழிவைக் கொடியில் ஏற்றியது துக்கம் காக்க அன்று. தீக்குப் பின் கல்லும் செங்கல்லும் இரும்பும் கொண்டு நகரம் மீண்டெழுந்த வேகமே அந்த நட்சத்திரம் சொல்ல வந்தது. அதன் ஆறு முனைகளுக்குச் சமயம், கல்வி, அழகுணர்வு, நீதி, அறப்பணி, குடிமைப் பெருமிதம் என்று பொருள் தந்துள்ளனர்.

மற்றொன்று 1893-இன் கொலம்பிய உலகக் கண்காட்சி. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆம் ஆண்டையொட்டி, தீ மூண்டு 22 ஆண்டுகளில், சிகாகோ உலகை விருந்துக்கு அழைத்தது. டேனியல் பர்னம் மேற்பார்வையில் எழுந்த வெண்ணிறக் கட்டடங்களால் கண்காட்சித் திடல் 'வெள்ளை நகரம்' எனப்பட்டது. முதல் ராட்சத ராட்டினம் சுழன்றதும் அங்கேதான். ஆறே மாதங்களில் 2.7 கோடி வருகைகள் பதிவாயின. கண்காட்சியின் பகுதியாகச் செப்டம்பர் 11 அன்று தொடங்கிய சர்வசமயப் பேரவையில்தான் விவேகானந்தர் உரையாற்றினார். அவரது பயணத்துக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் நிதி திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஊக்கமளித்தார். தமிழ்நாட்டில் சிகாகோ என்பது வீடுதோறும் அறிந்த பெயரானது அந்த நிகழ்ச்சியால். கொடியில் அந்த ஆண்டுக்கு உரிய நட்சத்திரத்தின் முனைகள், அந்த மண்ணில் மாறிமாறி ஆண்ட பிரான்ஸ், பிரிட்டன், வர்ஜீனியா, வடமேற்கு ஆட்சிப்பகுதி, இந்தியானா ஆட்சிப்பகுதி, இல்லினாய் மாநிலம் ஆகியவற்றைக் குறிக்கின்றன.

மூன்றாம் நட்சத்திரம் 1933-இல் சேர்ந்தது. சிற்றூராகப் பதிவு பெற்ற நூறாம் ஆண்டையொட்டி, பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' என்ற உலகக் கண்காட்சி நடந்தது. ஆர்க்டரஸ், அதாவது நம் பஞ்சாங்கத்தின் சுவாதி நட்சத்திரத்தின் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, ஒளிமின் கலத்தால் மின்னோட்டமாக்கி, கண்காட்சி விளக்குகளை ஏற்றினார்கள். சுவாதி 40 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக அன்று கணித்திருந்தனர். ஆகவே 1893 கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி 1933-இன் விளக்கை ஏற்றியதாக விளம்பரம் செய்தார்கள். இன்றைய கணிப்பில் தொலைவு சுமார் 37 ஒளியாண்டு.

நான்காவது 1939-இல் டியர்பார்ன் கோட்டைக்காகச் சேர்ந்தது. கடைசியாக வந்தாலும் கால வரிசைப்படி கொடிமரத்துக்கு அருகில், முதல் இடத்தில் அமைந்தது. போக்குவரத்து, உழைப்பு, வணிகம், நிதி, மக்கள் பெருக்கம், உடல்நலம் என்பன அதன் முனைகள்.

கொடியில் இல்லாதவை

நான்கு நட்சத்திரங்களும் சேர்ந்து சொல்லும் வரலாறு 1803-இல், இராணுவக் கோட்டையோடு தொடங்குகிறது. பெயரைக் கொடுத்த மக்களுக்கும், கோட்டைக்கு முன்பே அங்கு வாழ்ந்த து சாபிளுக்கும் அதில் இடம் இல்லை. ஆட்சிகளைக் குறிக்கும் ஆறு முனைகளின் பட்டியலும் பிரான்சிலிருந்தே தொடங்குகிறது. இந்த விடுபாட்டை நகரம் வேறு வழிகளில் ஓரளவு சரிசெய்து வருகிறது. 1933 கண்காட்சியில், கறுப்பினப் பெண்களின் முயற்சியால், து சாபிளின் மரவீட்டின் மாதிரி வைக்கப்பட்டது. 2021-இல் ஏரிக்கரைப் பெருஞ்சாலை அவர் பெயரைப் பெற்றது. 1812 தாக்குதல் நெடுங்காலம் 'படுகொலை' என்றே எழுதப்பட்டது. 2009-இல் அந்த இடத்தருகே திறக்கப்பட்ட பூங்காவுக்கு 'டியர்பார்ன் கோட்டைச் சமர்' என்ற பெயரே சூட்டப்பட்டது.

ஐந்தாம் நட்சத்திரம் கேட்டும் பல குரல்கள் எழுந்தன. 1942-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்ததற்காக ஒன்று. நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டனுக்காக ஒன்று. 2016 ஒலிம்பிக் போட்டியை நடத்தும் உரிமை கிடைத்தால் அதற்காக ஒன்று. 2009-இல் அந்த வாக்கெடுப்பின் முதல் சுற்றிலேயே சிகாகோ வெளியேறியதால் அந்தக் கோரிக்கையும் அடங்கியது.

வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-இல் 150 அமெரிக்க நகரக் கொடிகளை மதிப்பிட்டபோது, வாஷிங்டன் நகரக் கொடிக்கு அடுத்த இடம் சிகாகோவுக்குக் கிடைத்தது. பல அமெரிக்க நகரங்களில் நகரக் கொடி எப்படி இருக்கும் என்றே மக்களுக்குத் தெரியாது. சிகாகோவில் அது காவலர் சீருடையிலும், தீயணைப்பு வீரரின் சவப்பெட்டி மேலும், தேநீர்க் கோப்பையிலும், இளைஞர்களின் பச்சைகுத்தலிலும் காணப்படுகிறது. நட்சத்திரங்களின் எண்ணிக்கையை நகரமன்றம் தீர்மானம் இயற்றி மாற்றலாம். இருமுறை அப்படிச் செய்திருக்கிறது. 1939-க்குப் பின் வந்த எந்தக் கோரிக்கையும் நிறைவேறவில்லை.

(தொடரும்)